பன்னீர் பம்பு

சிரம்பானை ஒட்டின ரஹாங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஒரு டோபிக் கடை இருக்கிறது. அங்கே இஸ்திரி போடும் பெண்கள் எல்லாரும் பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் ஊற்றி, விசையை அழுத்தி, சிஸ் சிஸ் என்று துணிமேல் அடிப்பார்கள். நீலாவதி மட்டும் ஒரு மங்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு விரலால் தெளிப்பாள். ஈரம் திட்டுத்திட்டாக விழும். கடைக்காரி அந்தோனியம்மாள் பதினெட்டு வருஷமாக இதற்காக அவளைத் திட்டுகிறாள். பதினெட்டு வருஷமாக அந்தக் கிண்ணமும் மாறவில்லை.

"அந்தப் போத்தலு என்னா, ஒன்ன கடிச்சிருமா?"

"சத்தம் ஆகாது மேடம். வேலைய பாப்போம்."

அவள் சொல்வது அவ்வளவுதான். மீதியைத் தெரிந்தவன் அந்த வட்டாரத்தில் நான் ஒருவன். கோலா சாவாவுக்கு உள்ளே இருந்த ஒன்பதாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் அவளும் நானும் ஒரே லயத்தில், வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். என் பெயர் புவனேஸ்வரன். சிரம்பானில் ஓர் அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் கல்யாணப் பத்திரிகைக்கும் கருமாதிப் பத்திரிகைக்கும் பிழை பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். கையெழுத்து மட்டும் இன்னும் அழகாக இருக்கும். அந்த அழகான கையெழுத்தால் நான் செய்த கேவலத்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் தோட்டம் இப்போது கிடையாது. பாதி நிலத்தில் கேட் போட்ட தாமான் குடியிருப்பு வந்துவிட்டது. மீதியில் செம்பனை. மாரியம்மன் கோயிலும் அதன் பக்கத்து மண்டபமும் மட்டும் தப்பித்தன. ஜனங்கள் நாலா பக்கமும் சிதறி, கடைசியில் எல்லாரும் கைப்பேசிக்குள் ஒரு குழுவாக வந்து சேர்ந்தார்கள். காலையில் எழுந்ததும் யாராவது ஒருவர் பனி மூடிய ரப்பர் மரங்களின் படத்தைப் போடுவார். கீழே, "அந்தக் காலம் வருமா" என்று இருபது பேர் அழுவார்கள். கக்கூஸ் வாளி நிறைந்து லயத்துக் கால்வாயில் வழிந்ததை ஒருவரும் படம் போட்டதில்லை. படிக்கப் படிக்க எனக்குக் குமட்டும். ஆனாலும் நானும் கைகூப்பும் பொம்மையை அனுப்பிவிட்டுத்தான் பல் துலக்கப் போவேன்.

குழுவை நடத்துகிறவர் தர்மேந்திரன். சன்னாசி மண்டோரின் மகன். மண்டோர் என்றால் தீம்பாரில், ரப்பர் காட்டில், எங்கள் ஆட்களை வேலை வாங்குகிறவர். கையில் பிரம்பு வைத்திருப்பார், அடிக்க மாட்டார், வைத்திருப்பார். மகன் நல்ல மாதிரி. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாரையும் தோளில் தட்டிப் பேசுவார். போன வருஷம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பழைய ஆட்கள் எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூடுவது, மறைந்தவர்களின் படங்களைச் சுவரில் மாட்டி ஒவ்வொரு பெயராக வாசித்து விளக்கேற்றுவது, ஒரு நினைவு மலர் அச்சடித்துப் போடுவது. மலரில் ஒரு பகுதிக்கு 'மறக்க முடியாத தோட்டத்துச் சத்தம்' என்று பெயர். ஆளுக்கு நாலு வரி. வாங்கித் தொகுக்க வேண்டியது நான்.

வந்து குவிந்தது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்க அடிக்கும் பெரட்டு மணிச் சத்தம் என்றார்கள். ஐஸ் விற்கிறவனின் ஹார்ன், வெயிலில் ரப்பர் மரத்துக் கித்தாக் கொட்டை வெடிக்கும் சத்தம், திருவிழா உறுமி. நானும் எழுதினேன்: தகரக் கூரையில் மழை விழும் ஓசை, அதைக் கேட்டுத் தூங்கிய சுகம். எங்கள் வீட்டுத் தகரம் பதினோரு இடத்தில் ஒழுகும். மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஆறு பேரும் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்போம். அந்த லட்சணத்தில் சுகமாம், தூக்கமாம்.

நீலாவதியிடம் கேட்க டோபிக் கடைக்குப் போனேன். அவள் ஒரு பள்ளிச் சீருடையின் காலரை அழுத்திக்கொண்டிருந்தாள். நிமிராமலே பதில் சொன்னாள்.

"பம்பு சத்தம்."

எனக்குப் புரிந்தது. உங்களுக்குப் புரிய அவள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா பெயர் பஞ்சாலை. புருஷன் லாரி கவிழ்ந்து போய்விட்டான், நீலாவதி ஒரே பிள்ளை. பால்மரம் வெட்டுவதென்றால் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது; அதற்கான நிரை, மர வரிசை, பஞ்சாலைக்குக் கிடைக்கவில்லை. மருந்து அடிக்கும் கூட்டத்தில் சேர்த்தார்கள். புல் சாகிற மருந்து. பதினோரு பெண்கள், எல்லாரும் புருஷனை இழந்தவர்கள், அல்லது குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். வேறு யார் அந்த வேலைக்குப் போவார்கள்? முதுகில் நாலு கேலன் பம்பு. இடக்கையால் பிடியை ஏற்றி இறக்க வேண்டும், வலக்கையில் குழாய். டொக் என்று பிடி இறங்கும், சிஸ்ஸ் என்று மருந்து பாயும். கையுறை கிடையாது. முகத்தில் ஒரு பழைய சட்டைத் துணி. முதுகில் பம்பு கசிந்து ஜாக்கெட் பச்சை நீலமாக ஊறியிருக்கும். அழுகின மீனையும் மண்ணெண்ணெயையும் ஒன்றாகப் போட்டுக் கிண்டிய மாதிரி ஒரு வீச்சம் பலகைச் சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வரும். என் அம்மா சோற்றுப் பானையை மூடி வைப்பாள்.

பம்பின் நுனியில் ஒரு சின்ன நோசல் இருக்கும். மண்ணோ தூசியோ போய் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். கழற்றிக் கழுவ ஆற்றுக்குப் போனால் அரைமணி நேரம் போய்விடும். சன்னாசி மண்டோர் சைக்கிளை மரத்தில் சாய்த்துக்கொண்டு சொல்வார்: "வாயில வச்சி ஊது லா." பெண்கள் நோசலைத் திருகி எடுத்து, உதட்டில் வைத்து, கன்னம் உப்ப ஊதுவார்கள். ஊதிவிட்டுத் துப்புவார்கள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை. இதை நான் பார்த்திருக்கிறேன். ஊரே பார்த்திருக்கிறது. மலரில் ஒருவரும் எழுதவில்லை.

"பள்ளிக்கூட லீவுல கோப்பி கொண்டு போவேன்ல, தீம்பாருக்கு," என்றாள் நீலாவதி. "பனியில ஒண்ணும் தெரியாது. சத்தம் மட்டும் வரும். எங்கம்மா பம்புல பிடி ஆட்டம் கண்டிருச்சி. மத்தவங்களுது ஒரு டொக்கு. அம்மாவுது டொக்டொக்குன்னு ரெண்டு. அத புடிச்சிக்கிட்டே ஓடுவேன். கிட்ட வராத, கிட்ட வராதன்னு அம்மா கத்தும். இருந்தாலும் மூஞ்சி சிரிச்சிக்கிட்டு தான் இருக்கும்."

இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தாள்.

"அந்தச் சத்தம் கேட்டா எனக்கு இப்பவும் சந்தோஷம் வருதுண்ணே. இந்த ரோட்டுல புல்லுக்கு மருந்து அடிக்க ஆளு வரானுங்கள்ல, டொக்கு சிஸ்ஸுன்னு கேட்டதும் அம்மா வந்துருச்சின்னு வயிறு குளுருது. ஒரு நிமிஷம் தான். அப்புறம் என் மேலயே காறித் துப்பலாம் போல இருக்கு. எங்கம்மாவ கொன்ன சத்தம் அது. அதுக்குப் போய் பல்ல இளிக்குது இந்த ஒடம்பு."

இந்த மாதிரி அவள் பேசி நான் கேட்டதில்லை. எழுதுகிற பேனாவை மூடிவிட்டேன்.

பஞ்சாலையின் நகங்கள் முதலில் வெள்ளையாகி, பிறகு மஞ்சளாகி, ஒவ்வொன்றாக விழுந்தன. சோற்றைப் பிசைந்தால் குழம்புக் காரம் விரல் நுனியில் ஏறும். துடித்துப்போவாள். அதனால் எட்டு வயதுப் பிள்ளை அம்மாவுக்கு ஊட்டிவிடும். பலகை இடுக்கு வழியாக நான் பார்த்திருக்கிறேன், தாய்க்குப் பிள்ளை ஊட்டுகிற அந்த அலங்கோலத்தை. வயது பத்தானதும் நீலாவதிக்கு அருவருப்பு வந்துவிட்டது. ஒரு தீபாவளிக்கு அம்மா ஓர் அதிரசத்தைப் பிட்டு நீட்டினாள். "ஒன் கையால குடுத்தா நான் தின்ன மாட்டேன்" என்று பிள்ளை சொன்னது. அந்தக் குரல் எங்கள் வீட்டுக்கும் கேட்டது. பஞ்சாலை அதைத் தட்டில் வைத்துவிட்டாள். அப்புறம் பிள்ளைக்கு எதையும் கையால் கொடுக்கவில்லை.

மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்தது, பிறகு மூச்சு வாங்கியது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் இருமல் தண்ணீர் கொடுத்தார். நீலாவதிக்குப் பதினைந்து வயதானபோது பஞ்சாலை இரண்டு வாரம் பாயில் கிடந்து, மீன் மாதிரி வாயைத் திறந்து மூடி, போய்ச் சேர்ந்தாள். சாவு வீட்டில் சன்னாசி மண்டோர், "இவளுக்கு முன்னமே நெஞ்சு வீக்கு" என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி தீர்ப்புச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். மறுநாள் பம்பு இன்னொரு பெண்ணின் முதுகுக்குப் போனது. நீலாவதியை ரெம்பாவில் இருந்த சித்தி கூட்டிக்கொண்டு போனாள். அவள் அதற்குப் பிறகு தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"கூட்டத்துக்கு வா நீலா," என்றேன். "அம்மா படத்த மாட்டுவோம்."

சீருடையை மடித்து வைத்தாள்.

"வரேன். ஒண்ணே ஒண்ணு. படத்துக்கு கீழ அம்மா என்னா வேலை செஞ்சிச்சின்னு போடுவீங்கள்ல? மருந்து அடிச்சவங்கன்னு போடணும். பேர் வாசிக்கும்போதும் அப்படியே வாசிக்கணும். எல்லாரும் மறந்துட்டானுங்க. ஒருவாட்டி மைக்குல சொல்லிக் கேக்கணும் எனக்கு."

"நான்தானே எழுதறேன், நான்தானே வாசிக்கறேன்," என்றேன். "கண்டிப்பா."

மறுநாள் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அடையாள அட்டைக்காக எடுத்த சின்னப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டிருந்தாள். முகம் மட்டும்தான். கை இல்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மண்டபத்தில் படங்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அச்சகத்தில் இருந்து நான் பார்த்து வாங்கிய ஸ்டிக்கர் தாள், ஒட்டினால் ஒட்டினதுதான். பெயர் கறுப்பில், வேலை நீலத்தில். 'பஞ்சாலை, மருந்து அடித்தவர்' என்று எழுதி முடித்தபோது தர்மேந்திரன் பின்னால் வந்து நின்றார்.

"புவனா, இது நல்லா இல்லயே லா," என்றார். "நல்ல நாளும் அதுவுமா. அப்பா வேற முன் வரிசையில ஒக்காருவாரு. தொண்ணூத்தி ஒரு வயசு. படிச்சா அவர குத்திக் காட்டற மாதிரி ஆயிரும். பால்மரம் வெட்டியவர்னு போடு. எல்லாருக்கும் அப்படி தானே போட்டிருக்கோம்? அழகா இருக்கும்."

"அவங்க மக கேட்டுச்சி," என்றேன்.

"அது ஒண்ணும் சொல்லாது. நல்ல பொண்ணு."

தோளில் தட்டினார். நான், "சரி லா," என்றேன்.

சொன்னதை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது. அவர் என்னை மிரட்டவில்லை, கெஞ்சவுமில்லை. அந்த வீட்டுக்கு எங்கள் அப்பா 'சரி' சொன்னார், அம்மா 'சரி' சொன்னாள், எனக்கும் அதே வாய். ஈரம் காயாத சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று எழுதினேன். 'பஞ்சாலை, பால்மரம் வெட்டியவர்.' கையெழுத்து வழக்கத்தைவிட நன்றாக வந்திருந்தது. வாசிக்கும் பட்டியலிலும் மாற்றினேன்.

நீலாவதியிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் காரில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள், மாம்பழ நிறத்தில் ஒரு சேலை கட்டிக்கொண்டு. "மைக்கு நல்லா கேக்குமாண்ணே?" என்று ரந்தாவ் ஊரைத் தாண்டும்போது கேட்டாள். கேட்கும் என்றேன்.

கோயில் வாசலில் காரை நிறுத்திக் கதவைத் திறந்தபோதுதான் அது கேட்டது.

டொக். சிஸ்ஸ். டொக். சிஸ்ஸ்.

நீலாவதியின் முகத்தை நான் பார்த்துவிட்டேன். ஒரு கணம், அவ்வளவுதான், எட்டு வயதுப் பிள்ளையின் முகம் அது. உதடு விரிந்துவிட்டது. உடனே அதை மூடிக்கொண்டாள், யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி.

மண்டப வாசலில் தர்மேந்திரன் நின்றுகொண்டிருந்தார். பட்டு ஜிப்பா, நெற்றியில் சந்தனம், முதுகில் பம்பு. நீலப் பிளாஸ்டிக் பம்பு. தோட்டத்து ஸ்டோரை இடித்தபோது எடுத்து வைத்திருந்தாராம். கழுவி, மேலே சாமந்தி மாலை சுற்றி, உள்ளே பன்னீரும் சந்தனமும் கரைத்து ஊற்றியிருந்தார். வருகிறவர்கள் மேல் பன்னீர் தெளித்து வரவேற்கிறாராம்.

"பன்னீர்ச் செம்பு எல்லா கல்யாணத்துலயும் தான் இருக்கு," என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னார். "இது நம்ம தோட்டத்து ஐட்டம் லா."

ஜனங்கள் சிரித்தார்கள். கன்னத்தைக் காட்டினார்கள். கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பட்டுப் பாவாடை கட்டின பிள்ளைகள் இரண்டாவது தடவையும் வரிசையில் வந்து நின்றார்கள். அந்தப் பதினோரு பெண்களில் மூன்று பேரின் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள், பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு. அவர்களும்தான் சிரித்தார்கள். பன்னீர் வாசனை அந்த வாசல் முழுக்கத் தித்திப்பாக மொய்த்துக் கிடந்தது.

"போயிருவோமா நீலா?" என்றேன்.

"பேரு வாசிச்சிட்டு போவோம்," என்றாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

நாங்கள் வரிசையை விட்டு விலகிப் பக்கவாட்டில் நடந்தோம். அப்போது சத்தம் நின்றது. தர்மேந்திரன் பிடியை அடித்தார், டொக் டொக் என்றது, சிஸ்ஸ் வரவில்லை. சந்தனம் போய் அடைத்துவிட்டது. அவர் குழாயைத் தூக்கி நுனியைப் பார்த்தார். இரண்டு விரலால் நோசலைத் திருகி எடுத்தார். யோசிக்கவே இல்லை. வாயில் வைத்து, கன்னம் உப்ப ஊதினார். ஊதிவிட்டு உதட்டை நக்கிக்கொண்டார்.

அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். மண்டோர் மகன், பம்பைத் தொட்டே இருக்க மாட்டார். அப்பாவின் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து போய் வேடிக்கை பார்த்தது. அறுபது வயதில் கை தானாகச் செய்கிறது.

இரண்டாம் தடவை ஊத அவர் வாய்க்குக் கொண்டுபோனபோது நீலாவதி அங்கே இருந்தாள். எப்படி ஓடினாள் என்று தெரியவில்லை. அவர் கையில் ஓங்கி அடித்தாள். நோசல் சிமெண்டுத் தரையில் தெறித்து உருண்டது.

"துப்புங்க," என்றாள். "முழுங்காதீங்க. துப்புங்க."

"என்னா நீலா? பன்னீரு தான் லா."

"துப்புங்கன்னு சொல்றேன்ல."

"சோப்பு போட்டு மூணு தடவ கழுவிட்டேன்."

"எங்கம்மாவும் கழுவிட்டு தான் வீட்டுக்கு வரும்."

பம்பின் மூடியைத் திருகி எடுத்து அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். பக்கத்தில் நின்ற எனக்கும் வந்தது. மேலே ரோஜா. அதற்குக் கீழே, சாகாமல், அழுகின மீனும் மண்ணெண்ணெயும். என் அம்மா சோற்றுப் பானையை மூடுவது ஞாபகம் வந்தது. தர்மேந்திரனின் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கும் அந்த வீச்சம் தெரியும். பின்னே? ஒரே தோட்டம்தானே.

பம்பை அவர் முதுகில் இருந்து உருவிக் கீழே வைத்தாள். பிள்ளைகளைப் பார்த்து, "எல்லாரும் போய் மூஞ்சி கழுவுங்க, சோப்பு போட்டு," என்று அதட்டினாள். தாய்மார்கள் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். தர்மேந்திரனின் ஜிப்பாவைப் பிடித்துக் கோயில் பக்கத்தில் கால் கழுவும் பைப்புக்குக் கூட்டிப் போனாள். பின்கழுத்தில் கை வைத்துக் குனியச் செய்து பைப்பைத் திறந்தாள்.

"கொப்பளிங்க."

கொப்பளித்தார்.

"இன்னொரு தடவ."

நான் அங்கேயே நின்றிருக்க வேண்டும். ஆனால் உள்ளே மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பூசாரி விளக்கேற்ற நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பட்டியலை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன்.

மண்டபத்துக்குப் பக்கச்சுவர் கிடையாது. மேடையில் இருந்து பார்த்தால் பைப்படி நேராகத் தெரியும். முன் வரிசையில் சக்கர நாற்காலியில் சன்னாசி மண்டோர். கழுத்தில் பொன்னாடை, மடியில் எச்சில் துண்டு. தலை ஒரு பக்கமாகத் தொங்கிக் கிடந்தது. வெளியே மகனுக்கு என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் வாசிக்க ஆரம்பித்தேன். ஒரு பெயர், ஒரு வேலை, ஒரு விளக்கு. முப்பத்தாறு, முப்பத்தேழு என்று போனது.

முப்பத்தெட்டாவது, பஞ்சாலை.

பெயரை வாசித்துவிட்டு நின்றேன். பைப்படியில் நீலாவதி தர்மேந்திரனின் கழுத்தைப் பிடித்தபடியே நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள். பைப்பைக்கூட மூடிவிட்டாள், கேட்பதற்காக. அப்போது கிழவர் தலையைத் தூக்கினார். என்னைத்தான் பார்த்தாரா, என் பின்னால் இருந்த விளக்கைப் பார்த்தாரா, இன்றைக்கும் தெரியவில்லை. அந்தக் கண்ணால் இரண்டடி தூரத்தில் இருக்கும் ஆளையே அடையாளம் காண முடியாது. காலால் எழுந்து நிற்க முடியாது. எனக்கு அறுபத்திரண்டு வயது.

"பால்மரம் வெட்டியவர்," என்று வாசித்தேன்.

மைக்கு நன்றாகத்தான் கேட்டது. பூசாரி விளக்கை ஏற்றினார். நீலாவதி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பைப்பைத் திறந்தாள்.

"இன்னொரு தடவ," என்றாள். தர்மேந்திரன் குனிந்து கொப்பளித்தார்.

பட்டியல் முடிந்து நான் கீழே இறங்கியபோது அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லி அவர் மருமகனிடம் பேசிக்கொண்டிருந்தாள். என்ன மருந்து, எப்படி ஊதினார் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டியதை இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தாள். அவர் ஏறின கார் போனதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தாள். சுவருக்கு நேராகப் போனாள். அம்மா படத்தை ஆணியில் இருந்து எடுத்தாள். கீழே ஒட்டியிருந்ததைப் படித்தாள். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

"வண்டிய எடுங்கண்ணே," என்றாள்.

கோலா சாவா தாண்டி மெயின் ரோட்டில் ஏறினோம். பிறகு ஒரு சத்தம் ஆரம்பித்தது. கர்ர். கர்ர். திரும்பிப் பார்த்தேன். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் சீட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் பார்த்து வாங்கிய தாள், லேசில் வரவில்லை. நூல் நூலாகப் பிய்ந்தது. 'வெட்டியவர்' போக ரந்தாவ் வந்துவிட்டது. அன்றிலிருந்து யாராவது விலைச் சீட்டை நகத்தால் சுரண்டினால் நான் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுகிறேன்.

"நகம் இருக்கறதால நமக்கு தெரிய மாட்டேங்குது," என்றாள். "அம்மாவால இத உரிச்சிருக்க முடியாது."

"எழுதனது நான் தான் நீலா. தர்மா சொன்னாரு, நான் எழுதிட்டேன். வீட்டுக்கு போனதும் நீ கேட்ட மாதிரி புதுசா ஒண்ணு எழுதித் தரேன்."

கர்ர். கர்ர்.

"வேணாம்ண்ணே," என்றாள். "இந்த நல்ல எழுத்து எங்கம்மாவுக்கு வேணாம்."

பஞ்சாலை என்ற பெயரை மட்டும் விட்டுவிட்டு, மீதியை ரஹாங் வரும்வரை சுரண்டிக்கொண்டே வந்தாள்.